பனி இல்லாத மலையில் சறுக்குப் பயிற்சி: பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

ஜவ்வாது மலையில் பனித்தளம் கிடையாது. ஐஸ் ஹாக்கிக்குப் பேர்போன லடாக்கிலும் இயற்கைப் பனி குளிர்காலத்தோடு சரி. மீதி மாதங்களில் சறுக்கும் திறனைத் தரையில்தான் வளர்க்க வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒற்றைக் காலில் நிலைத்து, மறுகாலால் பக்கவாட்டில் உந்துவதே சறுக்கின் அடிப்படை. இதைப் பள்ளி மைதானத்திலேயே பழகலாம். ஆகவே விலையுயர்ந்த கருவியை முதலில் வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். 'மலை உயரமே பாதிப் பயிற்சி' என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் இருப்பது சுமார் 725 மீட்டர் உயரத்தில். லே நகரமோ சுமார் 3,500 மீட்டரில். உயரப் பயிற்சியின் பலன் பொதுவாக 2,000 மீட்டரை ஒட்டித்தான் தொடங்குகிறது.

முதலில் தேவைப்படுவது முறை தெரிந்த பயிற்சியாளர். வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு இதை உணர்த்துகிறது: காலை உள்ளிழுக்கும் தொடைத்தசையின் வலு, வெளியே தள்ளும் தசையின் வலுவில் 80 சதவீதத்துக்கும் குறைந்தவர்களுக்கு, தொடை இடுக்கில் தசைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம். 'மலைப் பிள்ளைகள் ஏறி இறங்கிப் பழகியவர்கள், எதையும் தாங்குவார்கள்' என்பார்கள். மேடு ஏறுவது முன்னோக்கிய இயக்கம். பக்கவாட்டு உந்தலுக்கு வேண்டிய தசைகளை அது அதே அளவு பழக்குவதில்லை. வளரும் வயதில் எலும்பு முனைகளில் இருக்கும் குருத்தெலும்பும் மென்மையானது. ஓய்வின்றித் தொடர்ந்து குதிக்கவைத்தால் முழங்காலுக்குக் கீழே வலியும் வீக்கமும் வரலாம். வலிக்கும்போது பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்ப்பதும், வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு தருவதும் சோம்பல் ஆகாது.

'கண்டிப்பு இல்லாமல் வீரர் உருவாவதில்லை' என்ற வாதமும் உண்டு. நேரம் தவறாமை கண்டிப்பு, அடிப்பது குற்றம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பாலியல் அத்துமீறல் தெரிந்தால் புகார் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் வாங்கி ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பணம் கட்டும் முன்பே பயிற்சியாளரின் தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.