கதைக்குள் ஒரு நடை

அருங்காட்சியகங்களில் ஐம்புலன்களுக்கும் கதை சொல்லும் அனுபவ வடிவமைப்பாளர்களின் கலை குறித்து ஒரு பார்வை

வாரணாசிக்கு எதிரே, கங்கையின் மறுகரையில் அமைந்த ராம்நகரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாத காலம் ராமலீலை நடைபெறுகிறது. அதற்கெனத் தனி மேடை கிடையாது. ஊரின் ஒரு பகுதி அயோத்தியாகவும், மற்றொன்று ஜனகபுரியாகவும், இன்னொன்று இலங்கையாகவும் ஆகிவிடுகின்றன. ராமன் காடேகும்போது பார்க்க வந்தோரும் அவனுடன் நடக்கிறார்கள். ஒலிபெருக்கியோ மின்விளக்கோ பயன்படுத்தப்படுவதில்லை. உரையாடல் தொடங்கும் முன் அமைதி காக்கும்படி ஒருவர் உரக்க அறிவிக்கிறார். கூட்டம் மூச்சடக்கிக் கேட்கிறது. நம் வடமாவட்டங்களில் பாரதக்கூத்தின் நிறைவு நாளன்று படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சூழ்ந்து நிற்கும் ஊர்மக்களுக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

கதையை எட்ட நின்று பார்க்காமல் அதன் உள்ளேயே நடந்து செல்லும் இந்தப் பழைய முறைக்கு இன்று ஒரு தனித் துறை அமைந்துள்ளது. அதில் பணிபுரிவோரை அனுபவ வடிவமைப்பாளர்கள் என்கிறோம். அருங்காட்சியகம், நினைவகம், கண்காட்சி ஆகியவற்றில் வருகையாளர் எந்த வாயிலில் நுழைவார், எங்கே நிற்பார், எதைத் தொடுவார், எப்போது வெளிச்சம் குறையும், எந்த இடத்தில் குரல் கேட்கும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே திட்டமிடுவது இவர்கள் பணி. வரலாற்றாய்வாளர், கட்டடக் கலைஞர், ஓவியர், ஒலிப்பதிவாளர், தச்சர், மின்பணியாளர் எனப் பலரின் உழைப்பை ஒரே கதையாகக் கோப்பவர்கள் இவர்களே.

கண்ணுக்கு ஓர் ஆறு

பஞ்சாபின் ஆனந்தபூர் சாகிப்பில் உள்ள விராசத்-இ-கால்சா இத்துறையின் ஆற்றலை அறிய ஏற்ற இடம். 1699-இல் குரு கோவிந்த் சிங் கால்சாவைத் தோற்றுவித்த ஊர் அது. மோஷே சாஃப்டி வடிவமைத்த அந்த அருங்காட்சியகம் 2011-இல் திறக்கப்பட்டது. பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி வைப்பதைவிட, சீக்கிய சமயத்தின் வரலாற்றைக் கதையாகச் சொல்வதே அதன் நோக்கம். காட்சியமைப்பை அமர்தீப் பெஹல் தலைமையிலான வடிவமைப்புக் குழு உருவாக்கியது.

முதற்கூடத்தில் வருகையாளர் இருளுக்குள் நுழைகிறார். சுற்றிலும் பல மாடி உயரத்துக்கு எழும் சுவர்களில், ஓவியர் ஓரிஜித் சேன் தம் குழுவினருடன் தீட்டிய பஞ்சாபின் வாழ்க்கை விரிகிறது. வயல், சந்தை, திருமணம், தறி, திருவிழா எனச் சிறுசிறு மனிதர்கள் ஆயிரக்கணக்கில் அதில் உலவுகிறார்கள். விளக்குகள் மெல்ல நிறம் மாற, விடியல் பகலாகிப் பின் இரவாகிறது. ஓவியத்தின் ஒரு பகுதி ஒளிரும்போது மற்றவை நிழலில் ஒதுங்குகின்றன. கண் தானாக அலைந்து தன் காட்சியைத் தேடிக்கொள்கிறது. ஒரே வெளிச்சத்தில் எல்லாவற்றையும் காட்டியிருந்தால், இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்து நகர்ந்திருப்போம்.

அருங்காட்சியகங்களின் மங்கிய ஒளிக்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய துணியும் தாளும் ஒளிபட்டால் நிறமிழந்து நொய்ந்துபோகும். அவற்றின்மீது 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படக்கூடாது என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரையறை. இந்தக் கட்டுப்பாட்டையே தேர்ந்த வடிவமைப்பாளர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். மங்கிய அறையில் நாம் தாமாகவே குரலைத் தாழ்த்துகிறோம், நடையைத் தளர்த்துகிறோம்.

காதோடு பேசும் குரல்

ஒலியைக் கையாள்வது ஒளியைக் கையாள்வதைவிடக் கடினம். சுவர் ஒளியைத் தடுக்கும். ஒலியோ வளைந்து அடுத்த அறைக்குள் புகும். ஓர் அறையின் போர்முழக்கம் பக்கத்து அறையின் தாலாட்டைக் கெடுத்துவிடும். ஆகவே நடைவழியை வளைத்துக் கட்டுவதும், ஒலியுறிஞ்சும் துணிகளைச் சுவரில் பொருத்துவதும், குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும்படி ஒலிபெருக்கியை அமைப்பதும் வழக்கம்.

இவற்றைவிட எளிய வழியைப் போபாலில் காணலாம். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் தொடங்கிய நச்சுவாயுப் பேரழிவின் நினைவாக, உயிர் பிழைத்தோரின் அமைப்புகள் முன்னின்று 2014-இல் ஒரு சிறிய அருங்காட்சியகத்தை நிறுவின. அரசின் பணமோ பெருநிறுவனங்களின் பணமோ அதற்குப் பெறப்படவில்லை. இறந்துபோன குழந்தையின் உடை போன்ற அன்றாடப் பொருள்கள் அங்கே உள்ளன. அருகிலிருக்கும் தொலைபேசி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால், அப்பொருளுக்கு உரியவரோ உறவினரோ பேசுகிறார். அந்தக் குரல் கூட்டத்தை நோக்கிப் பேசவில்லை. ரிசீவரை எடுத்த ஒருவரிடம் மட்டும் பேசுகிறது. வேண்டாமென்றால் வைத்துவிடலாம். கேட்பதா வேண்டாமா என்ற முடிவை வருகையாளர் கையில் விட்டதில் ஒரு மரியாதை இருக்கிறது.

கையில் ஒரு சிட்டிகை உப்பு

தொடாதீர்கள் என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் திறக்கப்பட்ட அனுபவ் கூடம் அந்த வழக்கத்தை மாற்றியது. அருங்காட்சியகத்தின் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்த பொருள்களின் நகல்களை அங்கே கையால் தடவிப் பார்க்கலாம். பிரெயில் விளக்கமும் ஒலி வழிகாட்டியும் உண்டு. பார்வையற்றோருக்காக உருவான ஏற்பாடு இது. எனினும் கண்ணுள்ளவர்களும் கண்களை மூடிக்கொண்டு ஒரு சிற்பத்தின் விளிம்பை விரலால் பின்தொடர்ந்தால், சிற்பியின் உளி எங்கே ஆழ்ந்தது, எங்கே வழுக்கிச் சென்றது என்பதை உணரலாம். ஒருவருக்காகத் திறந்த கதவு அனைவருக்கும் பயன்படுவதை வடிவமைப்புத் துறை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறது.

குஜராத்தின் தண்டியில், 2019 ஜனவரி 30 அன்று திறக்கப்பட்ட தேசிய உப்புச் சத்தியாகிரக நினைவகத்தில் இதே சிந்தனை வேறு வடிவம் பெறுகிறது. 1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து புறப்பட்ட காந்தியடிகள், 380 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். நினைவகத்தில் அந்த நடைப்பயணிகளின் சிலைகள் வரிசையாக நடக்கின்றன. உப்புக் காய்ச்சும் கருவிகளும் உள்ளன. உவர்நீரை ஊற்றினால் சூரிய ஆற்றலால் அது ஆவியாகிறது. எஞ்சும் சிட்டிகை உப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஒரு பேரரசு எதைத் தடை செய்திருந்தது என்பதைப் பாடநூலின் பத்து வரிகளைவிட அந்தச் சிட்டிகை உப்பு தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

மணம் எளிதில் வசப்படாதது. பிற புலன்களின் செய்திகள் மூளையின் இடைநிலையம் ஒன்றைக் கடந்து செல்ல, மணம் மட்டும் நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய பகுதிகளை நேராகவே எட்டுகிறது. ஒரு நொடி மணம் முப்பதாண்டு நினைவைக் கிளறுவது இதனால்தான். உத்தரப்பிரதேசத்தின் கன்னோசியில் சுட்ட களிமண்ணைச் செப்புக் கலத்தில் வடித்து, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து, முதல் மழையின் மண்வாசனையை அத்தராக்கும் கைவினைஞர்கள் உள்ளனர். ஆயினும் கூடத்தில் பரப்பிய மணத்தை உடனே நிறுத்த இயலாது. சில நிமிடங்களில் மூக்கும் பழகிவிடும். எனவே மணத்தைப் பயன்படுத்த விரும்புவோர் அதை மிகச் சிறிய அளவிலேயே கையாள வேண்டியுள்ளது.

எங்கே நிறுத்த வேண்டும்

இத்துறையின் உண்மையான சோதனை, துயரத்தைச் சொல்லும்போது வருகிறது. அமிர்தசரஸ் நகர மன்றக் கட்டடத்தில் அமைந்துள்ள பிரிவினை அருங்காட்சியகம் 2017 ஆகஸ்ட் 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இரு நாடுகளின் எல்லைக்கோடு 1947-இல் வெளியிடப்பட்டது அதே தேதியில்தான். அங்கே ஒரு கிணறு அமைக்கப்பட்டிருக்கிறது. கலவரக் கும்பலிடம் சிக்காதிருக்கப் பெண்கள் கிணறுகளில் குதித்து மாண்டதை அது நினைவூட்டுகிறது. அலறல் ஒலியையும் நடிகர்களையும் சேர்த்து அக்காட்சியை மேலும் கொடூரமாக்குவது கடினமன்று. ஆனால் கிணறு மட்டுமே போதும். எஞ்சியதைப் பார்ப்பவர் மனம் அறியும்.

அதே அருங்காட்சியகத்தில் பூத்தையல் இட்ட புல்காரி மேலங்கி ஒன்றும் தோல்பெட்டி ஒன்றும் உள்ளன. பிரிவினைக்கு முன் குடும்பத்தாரால் அறிமுகம் செய்து வைக்கப்பட்ட ஓர் ஆணும் பெண்ணும் தனித்தனியே தப்பி வந்தபோது கொண்டுவந்தவை அவை. அகதிகள் முகாமில் இருவரும் மீண்டும் சந்தித்து, பின்னர் மணம் புரிந்துகொண்டனர். இந்தக் கதைக்கு ஒளிவித்தை எதுவும் தேவைப்படவில்லை. நிறைவுக் கூடத்தில் நம்பிக்கை மரம் ஒன்று நிற்கிறது. வருகையாளர் தம் சொற்களை இலைவடிவத் தாளில் எழுதி அதில் கட்டிச் செல்கிறார்கள். பாரத்தோடு வெளியேறுபவருக்குக் கையால் செய்ய ஒரு செயலைக் கொடுப்பதும் வடிவமைப்பின் கடமையே.

உண்மைப் பொருள் எது, மறு உருவாக்கம் எது என்பதைத் தெளிவாகச் சொல்வது மற்றொரு கடமை. புலன்கள் எளிதில் நம்பிவிடும். அந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தினால், வரலாறு வெறும் பொழுதுபோக்காகத் தாழ்ந்துவிடும்.

பராமரிப்பைக் குறித்தும் ஒரு சொல். திறப்பு நாளில் ஒளிர்ந்த திரை சில ஆண்டுகளில் இருண்டு, காதொலிக் கருவி பழுதாகிக் கிடந்தால், கதை பாதியில் நின்றுபோகும். கட்டுவதற்கு ஒதுக்கும் தொகையோடு, ஆண்டுதோறும் பேணுவதற்கான தொகையையும் தொடக்கத்திலேயே ஒதுக்கும் நிறுவனமே நீடிக்கிறது. மின்சாரம் நின்றாலும் சொல்லக்கூடிய பகுதி ஒன்று ஒவ்வொரு கூடத்திலும் இருப்பது நல்லது.

செல்வோர் கவனத்துக்கு

இத்தகைய இடங்களுக்குக் குடும்பத்தோடு செல்வோர் ஒரே நாளில் பலவற்றைப் பார்க்க முயலாதிருப்பது நலம். ஓரிடத்துக்கு அரைநாளாவது ஒதுக்கலாம். சிறுவர்கள் உடன் வந்தால், துயரக் காட்சிகள் உள்ள கூடங்களை முன்னதாகக் கேட்டறிந்து, அவர்கள் வயதுக்கேற்பத் தீர்மானிக்கலாம். படம் எடுப்பதைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, ஒரு குரலையேனும் இறுதிவரை கேட்கலாம்.

பிரிவினையை நினைவறிந்து கண்டவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் குரலைப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் குறைவு. நம் இல்லங்களிலும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும், தாத்தாவின் முதல் சேமிப்புப் புத்தகமும் பரணில் கிடக்கக்கூடும். அப்பொருளை அவர் கையில் கொடுத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, அது வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பதிவுக்குத் தேதியும் பெயரும் இட்டு, பொருளோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.