பெட்டி நிறையப் பாட்டு! போடத் தெரிய வேண்டாமா?

செஞ்சி அருகே மேல்மலையனூர். அமாவாசை இரவு. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்க பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மன் பாட்டு!

அந்தக் காலத்தில் மைக் செட்காரரிடம் இருந்தது ஒரு பெட்டி இசைத்தட்டு. இன்று விரல் நீள பென்டிரைவில் ஆயிரம் பாட்டு. ஆனால் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று பென்டிரைவ் சொல்லாது. ஆள்தான் சொல்ல வேண்டும்!

ஓர் எழுத்து போதும்

இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ ஞாபகம் இருக்கிறதா? எல்லாருக்கும் தெரிந்த சினிமா பாட்டுகள்தான். முதல் எழுத்தை வைத்துப் பிடித்ததும் அதுவே போட்டியாகிவிட்டது!

இரண்டு தட்டு

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டு போட்டார் கூல் ஹெர்க். ஜமைக்காவில் பிறந்தவர், வயது 18. பாட்டின் நடுவே மேளம் மட்டும் ஒலிக்கும்போதுதான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதைக் கவனித்து வைத்திருந்தார். ஒரே தட்டில் இரண்டு வாங்கி, ஒன்று முடிந்ததும் மற்றதை ஓட்டி, அந்தச் சில விநாடியை நிமிடக் கணக்கில் நீட்டினார். ‘ஹிப் ஹாப்’ பிறந்த கதை இதுதான்!

நம்ம ஊர்ப் பெட்டி

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகம், பத்திரிகை, ஓலைச்சுவடி எல்லாம் இருக்கின்றன. செல்போனிலேயே பார்க்கலாம். காசு கிடையாது. “நமக்கு அது எதுக்குங்க?” என்று கேட்டால், பெட்டி பூட்டியே கிடக்கும்.

1714-ல் ஆற்காட்டுப் படையோடு மோதி மாண்டவர் செஞ்சி தேசிங்கு ராஜன். அவர் கதைப்பாட்டில் நாலு வரி. பக்கத்தில் 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டையின் இன்றைய படம். கூடவே ஊர்ப் பெரியவர் சொன்ன ஒரு சேதி. மூன்றையும் சேர்த்துப் பள்ளிச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் நின்று படிக்கும். தனித்தனியாக இருந்தால் யார் தேடிப் போவார்?

லேபிளைக் கழுவாதே!

ஹெர்க் ஒரு தந்திரமும் செய்தார். எந்தத் தட்டு என்று போட்டிக்காரர் கண்டுபிடிக்காமலிருக்க, லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்!

அது தொழில் ரகசியம். பொதுப் பெட்டியில் எடுப்பவருக்கு அது ஆகாது. எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்த வருஷம்? அடியில் ஒரு வரி எழுதினால் போதும். அடுத்தவனும் தேடி வருவான்.

பெட்டி தயார். தட்டும் தயார். ஊசியை வைக்க ஆள்தான் வேண்டும்!