பௌதிகக் கல்வியில் அறிகை முரண்பாடு

பௌதிகம் பயில வரும் மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. பொருள்களைத் தள்ளியும் எறிந்தும் விளக்கேற்றியும் பெற்ற அனுபவங்களிலிருந்து தாமே அமைத்துக்கொண்ட விளக்கங்களுடனேயே வகுப்பறையுள் நுழைகின்றார். அன்றாட வாழ்வுக்கு இவை போதுமானவையாதலின், விரிவுரையால் மட்டும் அகல்வதில்லை. ஓமின் விதியைப் பரீட்சையிற் பிழையின்றி எழுதும் மாணவரே, மின்குமிழ் மின்னோட்டத்தைச் செலவழித்துவிடுகின்றது என நம்பிக்கொண்டிருத்தலும் கூடும்.

இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மின்கலம், மின்குமிழ், குமிழின் இருபுறமும் ஒவ்வோர் அம்பியர்மானி என்பவற்றைத் தொடராக இணைக்கின்றோம். ஆளியை மூடுமுன், எந்த மானி கூடிய வாசிப்பைக் காட்டும் என்பதை ஒவ்வொருவரும் காரணத்துடன் எழுதவேண்டும். குமிழுக்கு முன்னுள்ளதே கூடுதலாகக் காட்டும் என்பர் பலர். ஆளி மூடப்படுகின்றது, இரு வாசிப்புகளும் சமமாயுள்ளன. மாணவரின் எதிர்பார்ப்புக்கும் கண்ணெதிரேயுள்ள சான்றுக்கும் இடையே எழும் இம்மோதலையே அறிகை முரண்பாடு என்கின்றோம். பியாஜே கூறிய அறிகைச் சமநிலை இங்கு குலைகின்றது. புதிய சமநிலையைத் தேடும் தேவை பிறக்கின்றது.

ஆயின், முரண்பாடு தோன்றியதும் மாற்றம் நிகழ்ந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறாகும். முரணான சான்றுகளை மாணவர் புறக்கணிக்கலாம், மறுக்கலாம், பழைய கொள்கைக்கு இசைய விளக்கலாம் எனச் சின், புரூவர் ஆகியோர் 1993இல் எடுத்துக்காட்டினர். "மானி பழுது" என்று ஒரு மாணவர் கூறுவாராயின் அவரை நகைத்தல் கூடாது. விஞ்ஞானியும் முதலிற் கருவியையே ஐயுறுவார். மானிகளை இடம்மாற்றி அவரே சோதிக்கட்டும். நகைப்புக்குள்ளானவர் தம் கருத்தைக் கைவிடுவதில்லை, மறைத்துக்கொள்கின்றார்.

பழைய எண்ணக்கருவில் அதிருப்தி தோன்றுவதோடு, புதியது விளங்கத்தக்கதாகவும் நம்பத்தக்கதாகவும் பயன்தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது போஸ்னரும் அவர்தம் சகாக்களும் 1982இல் வகுத்த நிபந்தனை. சைக்கிள் சங்கிலியை நோக்குவோம். அதன் கண்ணிகள் தேய்ந்தொழியாமற் சுற்றிவருகின்றன. எனினும், மிதிப்பவரின் சக்தி பின்சில்லைச் சென்றடைகின்றது. அவ்வாறே மின்னோட்டம் குறைவதில்லை; குமிழில் உருமாறுவது சக்தியே. இவ்விளக்கத்தைக் கொண்டு, இன்னொரு குமிழைத் தொடராக இணைப்பின் யாது நிகழும் என மாணவர் எதிர்வுகூறும்போதே அதன் பயன் புலனாகும்.

ஆய்வுகூட வசதியற்ற பாடசாலைக்கும் இம்முறை எட்டாததன்று. பாரமான கல்லே விரைந்து விழுமெனின், அதனுடன் இலேசான கல்லொன்றைக் கட்டினால் யாது நிகழும் எனக் கலிலியோ 1638இல் வெளிவந்த தமது நூலில் வினவினார். இலேசான கல் தடுப்பதால் வேகம் குறையவேண்டும். மொத்தப் பாரம் கூடுவதால் வேகம் கூடவும் வேண்டும். கருவியேதுமின்றி, ஒரு வினாவே பழைய கொள்கையின் உள்முரணை வெளிக்கொணர்ந்தது.

ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஏற்கப்படும் உண்மை பரீட்சையோடு மறைந்துபோகும். தம் கருத்தைத் தாமே சோதித்து மாற்றக் கற்ற மாணவரே, வகுப்பறைக்கு வெளியிலும் சான்று கேட்கும் துணிவைப் பெறுவர்.