உரியும் சுவரை வரைவது

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை 1829இல் திறக்கப்பட்டது, 1971இல் மூடப்பட்டது. அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மழையும் பனியும் தெருப்பூனைகளுமே அங்கே குடியிருந்தன. இன்று அது அருங்காட்சியகம். ஆனாலும் வெள்ளையடித்துப் புதுசாக்கிவிடவில்லை. மேலும் இடியாதபடி தாங்கிப் பிடித்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஓவியர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி. சிறையறையின் வளைவுக் கூரையில் ஒரு திறப்பு; அறைக்குள் வெளிச்சம் வர அதுதான் வழி. கைதி கடவுளை நினைத்துத் திருந்தட்டும் என்று வைத்தது. மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும் அந்த வெளிச்சத்தில், உரிந்து தொங்கும் ஒவ்வொரு பெயிண்ட் செதிலுக்கும் அடியில் ஒரு நிழல் விழுகிறது.

சுவர் ஏன் உரிகிறது? ஓதம் ஏறிய சுவரின் நீரில் உப்பு கரைந்து வருகிறது. நீர் ஆவியானதும் அந்த உப்பு மேற்பரப்பில் பூத்து, பெயிண்டைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. குளிர்காலத்தில் நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். விரிசலுக்குள் அது ஆப்பு அடித்த மாதிரி. ஏற்கெனவே வறண்டு விறைத்த எண்ணெய்ப் பூச்சு, வாழைச்சருகாகச் சுருண்டுகொள்கிறது.

புதிதாக வரைபவர் செதில்களை ஒன்றுவிடாமல் எண்ணி வரைவார், சுவர் மீனாகிவிடும். கைதேர்ந்தவர் அடியிலிருந்து தொடங்குகிறார். செங்கல் நிறம், அது காய்ந்ததும் காரை, அதன்மேல் பழைய பச்சை. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கத்தியால் சுரண்டினால் கீழே உள்ளவை எட்டிப்பார்க்கும். கண்ணுக்குப் பக்கத்திலுள்ள சில செதில்களுக்கு மட்டும் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு, அடியில் நிழல். தொலைவில் வெறும் மங்கல் போதும்.

சிறையறைகளுக்கு நடுவே ஓடும் நடைபாதைதான் ஆளைச் சோதிக்கும். கூரை, தரை, கதவு வரிசை எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடுகின்றன. அதில் ஒரு கோடு பிசகினால், காலம் இடிக்காத கூரையை ஓவியரே இடித்துவிடுவார்.

பாழை வரைவது புதிதல்ல. பிரெஞ்சு ஓவியர் ஹூபேர் ரோபேர், திடமாக நின்றுகொண்டிருந்த லூவ்ர் அரண்மனையின் பெருங்கூடத்தை 1796இல் பாழடைந்ததாகக் கற்பனை செய்து வரைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரெஞ்சுப் புரட்சியின்போது, சேன் லாசார் சிறையில் கைதியாக இருந்தவர் அவர். அந்தச் சிறையின் நடைபாதையையும் வரைந்தார். அதற்குக் கற்பனை தேவைப்பட்டிருக்காது.

ஈஸ்டர்ன் ஸ்டேட் போன்ற கட்டடங்களின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீடுகளுக்கான ஈயப் பெயிண்டை அமெரிக்கா தடை செய்ததே 1978இல்தான். உதிர்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதால் முகமூடி அணிவதும், வாசலில் நின்றே குறிப்பும் படமும் எடுத்துக்கொண்டு வீட்டில் வரைவதும் வழக்கம். ஒருகாலத்தில் சுவருக்கும் கித்தானுக்கும் ஒரே ஈய வெள்ளைதான். இப்போது அந்தச் சுவரின் வெண்மையை வரைய பெரும்பாலோர் பிதுக்குவது டைட்டானியம் வெள்ளை.