அலுவலகம் இடம் மாறினால் யாருக்கு எவ்வளவு தூரம்?

அரசு அலுவலகத்தை ஊர் நடுவிலிருந்து புறநகருக்கு மாற்றலாமா? பல நகர்மன்றங்களில் அவ்வப்போது எழும் விவாதம் இது. மாற்றினால் நெரிசல் குறையும், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்பது ஒரு தரப்பு. பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தே போகிறவர்கள் என்ன செய்வார்கள், அலுவலகத்தை நம்பிய கடைகள் என்னவாகும் என்பது மறுதரப்பு. ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்பு பாடம் நடத்தும்போது இந்த விவாதத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருகிறேன்.

ஒகேனக்கல் பிள்ளைகளுக்கு இது யாருடைய கதையோ அல்ல. இங்கே பல பெற்றோர் பரிசல் ஓட்டுபவர்கள், மீன் வறுத்து விற்பவர்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, வருமானமும் நின்றுவிடும். எஞ்சிய நாள்களில் ஒன்றை அலுவலகப் பயணத்துக்குக் கொடுத்தால், பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியும் போகும்.

முதலில் வரைபடத்தைப் பார்க்கிறோம். 1965 அக்டோபர் 2 வரை நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று ஆட்சியர் அலுவலகம் உள்ள தருமபுரிக்கு ஒகேனக்கல்லிலிருந்து சுமார் 46 கி.மீ. அன்று அதையும் தாண்டி இன்னும் 60 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். ஓசூர் மக்களுக்குத் தருமபுரி 90 கி.மீ. அளவில் இருந்தது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் அது சுமார் 50 கி.மீ. ஆனது. மாவட்டப் பிரிப்பை ஆண்டுக் கணக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்கள், அதைப் பயண நேரமாகவும் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

அடுத்த கேள்வி, முடிவெடுப்பது யார்? அஞ்சலகம், வருமான வரி, பாஸ்போர்ட் அலுவலகங்கள் ஒன்றிய அரசின் பொறுப்பு. வட்டாட்சியர், ஆட்சியர் அலுவலகங்கள் மாநில அரசின் பொறுப்பு. நகர்மன்றம் தன் கருத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம்; சாலை, குடிநீர், தெருவிளக்கு வசதி செய்து தரலாம். அந்த அலுவலகங்களை மாற்றும்படி ஆணையிட முடியாது. கிராமசபைத் தீர்மானமும் மக்கள் குரலை மேலே கொண்டுசெல்லும் வழிதான் என்பதை இங்கேயே இணைத்துச் சொல்லலாம்.

இதற்கு ஒரே சரியான விடை இல்லை என்பதற்கு அமெரிக்க எடுத்துக்காட்டு உதவும். அரசு அலுவலகங்களுக்கு இடம் தேடும்போது நகர் மையத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்று 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஆணையிட்டார். நகர் மையங்கள் வலுப்பெற வேண்டும் என்பது நோக்கம். செலவு குறைந்த இடங்களுக்குத் துறைகள் மாற அது தடையாக இருக்கிறது என்று சொல்லி, 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்தார்.

இனி வகுப்பறை நகர்மன்றம். தலைவர், உறுப்பினர்கள், அலுவலக வாசலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், அலுவலக ஊழியர், இரண்டு பேருந்து மாறி வரும் மூதாட்டி எனப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். ஒரே விதி: 'வேண்டும்', 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லக் கூடாது, தூரம், நேரம், செலவு ஆகியவற்றில் ஒன்றையாவது காரணமாகக் காட்ட வேண்டும்.

என் வகுப்பில் மூதாட்டியாகப் பேசிய மாணவி, "கட்டடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரே தடவையில் வேலை முடியுமா, மறுபடியும் வரச் சொல்வீர்களா?" என்று கேட்டாள். அதன்பின் விவாதத்தின் திசையே மாறியது. சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாமே என்றான் ஒருவன். இணையம் வராத மலைக் கிராமத்தில் என்ன செய்வது என்று கேட்டான் இன்னொருவன். தூரத்தைக் கி.மீ.யில் மட்டும் அளந்தால் போதாது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

முதல் நாள் வீட்டுப்பாடமாக ஒரு சிறு அட்டவணை கொடுங்கள். வீட்டில் ஒருவர் கடைசியாகச் சென்ற அரசு அலுவலகம், ஏறிய பேருந்துகள், ஆன நேரம், செலவு, எத்தனை முறை போனார் ஆகியவை போதும். எதற்காகப் போனார் என்று கேட்க வேண்டாம். அது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். மறுநாள் அந்த அட்டவணைகளைக் கையில் வைத்துக்கொண்டே மன்றத்தைக் கூட்டுங்கள். வாக்கெடுப்பு முடிந்ததும், அந்த முடிவால் யாருக்குப் பயணம் கூடியது என்று ஒருமுறை கேளுங்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் எழுதிச் சேர்த்த பிறகே தீர்மானம் முழுமையாகும்.