இணையப் பெட்டியை மாற்றுமுன்

தென்காசி, குற்றாலம் பகுதி ஊராட்சிகளில் இணைய வேகம் குறைந்தால், நிறுவனம் தந்த பெட்டியைக் கழற்றிவிட்டுக் கடையிலிருந்து வேறொன்று வாங்கி மாட்டலாமா என்று உறுப்பினர்கள் கேட்கின்றனர். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பழைய செம்புக்கம்பி இணைப்பில் மோடத்தையே மாற்ற இயலும். கண்ணாடியிழை இணைப்பில் ஒளியை மின்குறியாக்குவது ஓ.என்.டி. பெட்டி. அதன் வரிசை எண் பெரும்பாலும் இணைப்பகத்தில் பதிவாகியிருக்கும். பதிவில்லாத பெட்டியை மாட்டினால் இணைப்பு அறும்; இ-சேவை மையத்திற்குப் பட்டா நகல் பெற வந்த விவசாயி வெறுங்கையுடன் திரும்புவார்.

ஆகவே ஓ.என்.டி.யை அகற்றற்க. முதலில் கணினியை அதனுடன் கம்பியால் இணைத்து வேகத்தைச் சோதிக்க. கம்பியிலும் வேகம் குறைவாயின் குறை இணைப்பில் உள்ளது, நிறுவனத்திடம் முறையிடுக. கம்பியில் வேகம் சரியாயிருந்து, சுவருக்கு அப்பால் வைஃபை மட்டும் தளர்ந்தால் தனி ரூட்டர் பயன் தரும்.

அப்பொழுது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்திடம் எழுதி வாங்குக. ஓ.என்.டி.யை, ஒளிமாற்றும் பணியை மட்டும் ஆற்றும் ‘பிரிட்ஜ்’ நிலையில் வைக்கச் செய்து, அவ்விரண்டையும் புதிய ரூட்டரில் பதிக. தொலைவிற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும், அருகில் வேகத்திற்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் ஏற்றவை.

சோதித்த பின்னரே வாங்குவோமாயின் ஊராட்சிப் பணம் வீணாகாது. மக்கள் பணியும் தடைப்படாது.