ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நட்பு வேண்டாமா?

ஆட்டிசம் என்றதும் யாரோடும் ஒட்டாமல் ஒரு மூலையில் விளையாடும் குழந்தைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து 30, 40 வயதைத் தாண்டிய பிறகும் நம் பார்வை மாறுவதில்லை. “அவனுக்குத் தனியா இருந்தாத்தான் பிடிக்கும்” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். விசேஷங்களுக்குக் கிளம்பும்போது அவரை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம். அதைப் பரிவு என்றும் நம்புகிறோம். அந்த முடிவை எடுக்கும் முன் அவரிடம் கேட்டோமா என்பதே முக்கியமான கேள்வி. ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் ஏராளமானோர் மனித உறவை விரும்புகிறார்கள். யாரோடு, எவ்வளவு நேரம், எந்த முறையில் என்பதில்தான் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள். அந்த விருப்பத்தை முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் அறிய முடியும்.

தோற்றத்தை வைத்து எழுந்த முடிவு

அமெரிக்காவின் பால்டிமோரில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், தனித்திருக்கும் நாட்டத்தை அவர்களுடைய முக்கிய இயல்பாகக் குறிப்பிட்டார். மனிதர்களோடு பழகுவதில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் இன்பம் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைவு, அதனால்தான் அவர்கள் விலகுகிறார்கள் என்ற கோட்பாட்டை 2012இல் கோராலி ஷெவாலியேவும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசாமை போன்ற வெளித்தெரியும் நடத்தைகள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. விக்ரம் ஜஸ்வால், நமீரா அக்தர் என்ற இரு உளவியலாளர்கள் 2019இல் வெளிவந்த கட்டுரையில் இந்தச் சான்றுகளையே மறுபரிசீலனை செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னவற்றை அருகில் வைத்துப் பார்த்தபோது, அதே நடத்தைகளுக்கு வேறு விளக்கம் கிடைத்தது. கண்ணைப் பார்ப்பது தாங்க முடியாத அழுத்தம் தருகிறது என்றார்கள் சிலர். பார்வையை விலக்கினால்தான் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறுகிறது என்றார்கள் வேறு சிலர். அப்படியானால், பார்வையை விலக்குபவர் நம் பேச்சைக் கவனமாகக் கேட்பதற்காகவே அப்படிச் செய்யக்கூடும். அதை நாம் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

தனிமை எதைக் காட்டுகிறது?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த, ஆட்டிசம் உள்ள இளைஞர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் நண்பர்களைச் சந்திப்பதே இல்லை. பாதிப் பேருக்கு நண்பர்களிடமிருந்து தொலைபேசி அழைப்போ, எங்காவது வரச்சொல்லி அழைப்போ வருவதில்லை. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் ‘அவர்களுக்கு விருப்பமில்லை’ என்றே சொல்லிவிடலாம். ஆனால் தனிமை உணர்வு என்பது, விரும்பும் உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிறப்பது. விருப்பமே இல்லாதவருக்கு அந்த வலி இருக்க நியாயமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோ மற்றக் குழந்தைகளைவிட அதிகத் தனிமையை உணர்வதாகத் தாங்களே சொன்னார்கள் என்று நிரிட் பாமிங்கரும் கோனி கசாரியும் 2000இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் தனிமையின் வலி திரும்பத் திரும்பத் தெரிகிறது.

தடை இரு பக்கமும் உண்டு

விருப்பம் இருந்தும் உறவு ஏன் அமைவதில்லை? திறமைக் குறைவு என்பது வழக்கமான பதில். ஆனால், தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரிதல் சிக்கல் இரு தரப்புக்கும் பொது என்று 2012இல் வாதிட்டார். ஆட்டிசம் உள்ளவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் அளவுக்கு நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறோம் என்பது அவர் வாதம். நோவா சாசனும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. சில விநாடிக் காணொளியையோ ஒலிப்பதிவையோ கொண்டு மதிப்பிட்டவர்கள், ஆட்டிசம் உள்ளவரோடு பழக அவ்வளவாக விரும்பவில்லை. அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறையில்லை, குரலும் உடலசைவும் பழக்கமற்றவையாக இருந்ததே கதவை அடைத்தது.

இங்கே ஒரு மறுப்புக்கும் இடம் தர வேண்டும். ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போகும் சோதனையைக் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020இல் நடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையும் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையும் கதையை ஒரே அளவுக்குக் கடத்தின. கலப்பு வரிசையில் கதை அதிகம் தேய்ந்தது. ஆனால் அதே சோதனையை 311 பேரோடு செய்து 2025இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கலப்பு வரிசையின் அந்தப் பின்னடைவு தென்படவில்லை. எனவே ‘தம்மைப் போன்றவரோடு மட்டும்தான் ஒத்துப்போகும்’ என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் நன்றாகவே செய்தி பரிமாறிக்கொள்கிறார்கள் என்பதை இரண்டு ஆய்வுகளுமே காட்டுகின்றன.

எவ்வளவு, எப்போது?

ஆட்டிசம் உள்ளவர்களே 1996இல் அமெரிக்காவில் ‘ஆட்ரீட்’ என்ற கூடுகையைத் தொடங்கினார்கள். அவர்கள் நடத்தும் இத்தகைய கூட்டங்களில் நிற அட்டை அணியும் வழக்கம் உண்டு. பச்சை என்றால், பேச விருப்பம், நீங்களே வந்து தொடங்குங்கள் என்று பொருள். மஞ்சள் என்றால் ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் வரலாம். சிவப்பு என்றால் இப்போது யாரும் வர வேண்டாம். காலையில் பச்சை அணிந்தவர் இரைச்சலிலும் வெளிச்சத்திலும் களைத்துப்போய் மதியம் சிவப்புக்கு மாறலாம், மாலையில் மறுபடி பச்சைக்குத் திரும்பலாம். பழகும் விருப்பம் ஒருவரிடமே வேளைக்கு வேளை மாறும் என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. பேச விரும்பியும் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் நிற்பவருக்குப் பச்சை அட்டை பெரிய உதவி. பழகும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எழுத்தில் அரட்டை அடிப்பது, பிடித்த விஷயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது, ஒரே அறையில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பது எல்லாமே நட்புதான்.

எழும் கேள்விகள்

உண்மையிலேயே தனிமையை விரும்புபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களை வலிந்து கூட்டத்தில் தள்ளுவதும் கேட்காமல் செய்யும் அதே தவறுதான். பேச்சு வராதவர்களிடம் எப்படிக் கேட்பது? படம், எழுத்துப் பலகை, கணினித் திரை, நீண்ட நாள் பழக்கத்தில் தெரியவரும் உடல் குறிப்புகள் என்று வழிகள் உண்டு. பதில் வரக் காலம் பிடிக்கும் என்பதால் கேள்வியையே கைவிடக் கூடாது. பழகும் திறனைப் பயிற்சியால் கற்கக் கூடாதா? விரும்பியவர் கற்கலாம், அதனால் பலன் அடைந்தவர்களும் உண்டு. ஆனால் தன் இயல்பை நாள் முழுக்க மறைத்துக்கொண்டு மற்றவரைப்போல் நடிப்பது கடும் களைப்பைத் தருவதாக லாரா ஹல் குழுவினரின் 2017 ஆய்வில் பலர் சொன்னார்கள். அப்படி மறைப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை சாரா கேசிடியின் 2018 ஆய்வு சுட்டியது. முயற்சி முழுவதையும் ஒரு தரப்பின் தலையில் சுமத்தினால் அது நோயில் முடியக்கூடும்.

என்ன செய்யலாம்?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமையும் அதில் உண்டு. அந்த உரிமையை வீட்டிலிருந்தே தொடங்கலாம். விசேஷத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் இருக்கலாம், ஓய்வெடுக்க எங்கே தனி அறை, யார் கூட்டிவருவார் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ‘வரவில்லை’ என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் கேளுங்கள். முன்பு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென ஒதுங்கினாலோ, பிடித்த விஷயத்தையே கைவிட்டாலோ, ‘ஆட்டிசம் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர்களும் பசி, தூக்கம் பற்றி விசாரிப்பதுபோல, நண்பர்கள் இருக்கிறார்களா, இருப்பது போதுமா என்று அவரிடமே விசாரிக்க வேண்டும். பதில் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கும். அந்தப் பதிலின்படி நடப்பதே சிகிச்சைக்கும் உறவுக்கும் சரியான தொடக்கம்.